முழங்கை வளைவின் பதினான்கு கற்கள்

பதினான்கு இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருந்தன.

ஹெட்லி ட்ரெகியர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கற்களைத் தொடவில்லை, விரலை மட்டும் நீட்டினார். தொடக்கூடாது என்பது அவரே தனக்கு வைத்துக்கொண்ட சட்டம். பன்னிரண்டுதான். எண்ணிக்கையில் தவறுகிற ஆள் அவர் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என்பது உண்மை. ஆனால் முராவிந்தா தேசியப் பூங்காவின் இருநூறு மைல் மண்சாலையில், எந்த மைலில் எந்தக் கல், மண்ணைச் சீவிச் சாலை போடும் கிரேடரின் பிளேடில் இடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பட்டம் வாங்கிய எஞ்சினியர்கள் அவரைக் கேட்டுவிட்டுத்தான் வரைபடத்தில் கோடு போடுவார்கள்.

"எவனோ எடுக்கறான்," என்றார் உரக்க.

கேட்க அங்கே இரண்டு காக்கைகள்தான் இருந்தன. அவற்றையும் அவர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

ஏழாம் மைல் மணல்மேட்டின் அடியில், சிவப்பு மணல் முடிந்து வெளுத்த களித்தரை தொடங்கும் விளிம்பில் அந்தக் கற்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் நம் அம்மிக்கல் அகலம், ஒரு கைக்குழந்தையை விடக் கூடுதல் கனம். எல்லாம் கவிழ்ந்தே கிடக்கும். போகிற வருகிறவன் பார்த்தால் வெறும் பாறைத் துண்டு. புரட்டிப் பார்த்தால்தான் நடுவில் வழுவழுவென்று தேய்ந்த குழி தெரியும். மழை பெய்து களித்தரையில் தண்ணீர் நின்று வற்றினால் நார்டூ முளைக்கும். ஆரைக்கீரையின் பங்காளி போல நாலு இலை விடும் செடி. அதன் விதையை எத்தனையோ தலைமுறைப் பெண்கள் அந்தக் குழியில் அரைத்திருக்கிறார்கள்.

வருஷத்துக்கு இரண்டு தரம் ஹெட்லி வந்து எண்ணிவிட்டுப் போவார். கடைசியாக எண்ணியது போன நவம்பரில். இடையில் மாதக்கணக்காக வடக்குப் பக்கம் வேலை. இப்போது ஜூலை. மார்ச் மழையில் புதிதாக விழுந்த பள்ளம் ஒன்றைத் தாண்டித் தாண்டி, அக்கம்பக்கம் முழுக்கத் தேடினார். உருண்டு போயிருக்குமோ என்ற நினைப்பெல்லாம் அவருக்கு வரவில்லை. கல் காணோம் என்றால் கை வைத்தவன் இருக்கிறான், அவ்வளவுதான்.

போனது கல் மட்டும் இல்லை. வெர்னாவுக்குக் கொடுத்த வாக்கு அந்தக் கற்களோடு கிடந்தது.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் முராவிந்தா பூங்கா இல்லை, ஆட்டுப் பண்ணை. பண்ணைக்காரருக்கு மணல்மேட்டின் குறுக்கே நேர்ச்சாலை வேண்டும். ஹெட்லிக்கு அப்போது வயது நாற்பது. ரயில் பாதை ஓரத்துக் கூடாரத்தில் பிறந்தவர். அப்பா தண்டவாளத்துக்குக் கட்டை மாற்றும் கூலி. பதினொரு வயதில் அந்த நிறுத்தத்துப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அத்தோடு படிப்பு தீர்ந்தது. ஆட்டு ரோமம் வெட்டும் கொட்டகையில், வெட்டுக்காயத்துக்குத் தடவும் தார்ச்சட்டி தூக்கினார், வேலி கட்டினார், ஆடு ஓட்டினார். பத்தொன்பது வயதில், ஊர் நிர்வாகத்தின் கிரேடர் ஓட்டுகிறவருக்கு இடுப்பு முறிந்தபோது, யாரும் கேட்காமலே ஏறி உட்கார்ந்தார். யாரும் சொல்லித் தரவில்லை. சாயங்காலத்துக்குள் எட்டு மைல். அளவுக்கருவி தூக்கி வந்த எஞ்சினியர், சாலையின் நடுமுதுகு நூல் பிடித்தது போல நிற்பதைப் பார்த்துவிட்டுக் கருவியைத் தட்டிப் பார்த்தாராம், அது கெட்டுப் போயிற்றோ என்று. முப்பத்திரண்டில் சொந்தக் கிரேடர். அந்தப் பக்கத்தில் சொந்தக் கிரேடர் வைத்திருந்த முதல் ஆள் ஹெட்லி ட்ரெகியர்தான். இன்று வரை கடைசி ஆளும் அவர்தான்.

அந்தக் கிரேடரோடு மணல்மேட்டில் ஏறப் போனபோது, பண்ணை வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த வெர்னா நடந்து வந்து பிளேடுக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தாள். கத்தவில்லை, கைநீட்டவில்லை. சும்மா உட்கார்ந்தாள். ஹெட்லி எஞ்சினை நிறுத்தினார். அவளே தீ மூட்டித் தகரக் குவளையில் தேநீர் போட்டாள். பிறகு கற்களைக் காட்டினாள்.

"இத்தனை கனத்தை எந்தப் பொம்பளை தூக்கிட்டு அலைவா? அரைச்சு முடிச்சதும் கவுத்து வெச்சிட்டுப் போயிடுவோம். கவுந்து கெடந்தா, ஆளு திரும்பி வரும்னு அர்த்தம். எங்கம்மா கவுத்தது அது. அது அவளோட அத்தை கவுத்தது. உன் வண்டி ஏறினா யாரு எங்கே திரும்பி வர்றது?"

ஹெட்லி சாலையை வளைத்தார். பண்ணைக்காரர் கத்திய கத்தலுக்கு, "நேரா போகணும்னா வேற ஆளைப் பாரு," என்று சொல்லிவிட்டார். வேற ஆள் கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இன்றைக்கும் அந்த வளைவுக்குப் பேர் ஹெட்லியின் முழங்கை. அரசாங்க வரைபடத்தில் அச்சடித்திருக்கிறது. பேர் வாங்கிய அன்றைக்கு வெர்னாவிடம் சொன்னார்: "அக்கா, நான் உசுரோட இருக்கற வரைக்கும் இதுல ஒரு கல்லு நகராது."

இப்போது இரண்டு நகர்ந்துவிட்டன.

அடுத்த நாளே வேலையை ஆரம்பித்தார். பழைய டிராக்டர் டயர் ஒன்றைச் சங்கிலியில் கட்டி வண்டிக்குப் பின்னால் இழுத்து, சாலையிலிருந்து மணல்மேட்டுக்கு இறங்கும் இடம் முழுவதையும் வழித்துவிட்டார். அந்தப் பக்கத்தில் வேலிக்காரர்கள் காட்டு நாய்க்குச் செய்கிற வேலை. வழித்த மண்ணில் எறும்பு போனாலும் பெயர் சொல்லலாம். ஹெட்லிக்கு எறும்பின் சம்பந்தி பெயரும் தெரியும்.

ஆறு நாள் கழித்து வந்தார். கற்கள் பதினொன்று.

வழித்த மண்ணில் ஒரு தடமும் இல்லை. குனிந்தார். முழங்காலில் உட்கார்ந்தார். பிறகு கன்னத்தை மண்ணோடு வைத்துச் சாய்வாகப் பார்த்தார். மெல்லிய கீறல்கள், விசிறி போல. முல்கா மரக் கிளையால் பெருக்கியிருக்கிறார்கள்.

ஹெட்லி எழுந்து கன்னத்து மண்ணைத் தட்டிவிட்டார். இழுவை வீட்டோடு நாடு சுற்றுகிற ஓய்வூதியக்காரத் தம்பதிகளுக்குப் பெருக்கத் தெரியாது. அவர்கள் தடத்தின் மேலேயே இன்னொரு தடம் போட்டு, படமும் எடுத்துக்கொண்டு போவார்கள். பெருக்கினவன் தடத்துக்கு அர்த்தம் தெரிந்தவன். அதாவது உள்ளூர்.

பெருக்கினவன் ஒரு இடத்தில் கோட்டை விட்டிருந்தான். உப்புப்புதருக்குப் பின்னால் ஒற்றைப் பூட்ஸ் தடம், முழுசாக. ஏழாம் நம்பர். இடது கால். குதியின் வெளி ஓரம் தேய்ந்தது. ஆழம் அதிகம், கனம் தூக்கிய கால்.

அதற்குப் பிறகு ஹெட்லி மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டார். பெட்ரோல் போடுகிறவனின் காலைப் பார்த்தார். தபால் கொண்டுவரும் பைலட்டின் காலைப் பார்த்தார். முகாமில் கரண்டியோடு நின்ற ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரை, "காலைத் தூக்கு பாக்கலாம்," என்று கேட்டார்; வாத்தியாரின் மனைவி கணவனை இழுத்துக்கொண்டு வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை பத்து மணித் தேநீருக்குப் பூங்கா அலுவலகம் போனார். ரோமம் வெட்டுகிறவர்கள் தங்கிய பழைய கட்டடம்தான் அலுவலகம். சுவரெல்லாம் அவர்கள் கரியால் எழுதிய பேர்கள். செம்மண் உள்ளே வரக்கூடாது என்று பூட்ஸை வாசலில் கழற்றிவிட வேண்டும். வாசலில் ஒரே ஒரு ஜோடி இருந்தது. ஹெட்லி குனிந்து இடது பூட்ஸைப் புரட்டினார்.

ஏழாம் நம்பர். குதியின் வெளி ஓரம் தேய்ந்தது.

"என் பூட்ஸை எதுக்கு மோந்து பாக்கறீங்க, ஹெட்லி?"

பெட்ரீனா வோஸ், ரேஞ்சர். நாற்பது வயது. கடலோர நகரத்திலிருந்து மாற்றலாகி வந்து பதினாலு மாதம்தான் ஆகிறது. காலுறையோடு கதவில் சாய்ந்து நின்றாள்.

"மோந்து பாக்கல. தேஞ்சிருக்கு. ஒரு பக்கமா."

"சின்ன வயசுல கால் முறிஞ்சது. சாஞ்சு நடப்பேன்."

"எங்கெங்க நடப்பே?"

"ரேஞ்சர் நடக்கற எடமெல்லாம்."

"ஏழாம் மைல் மேட்டுப் பக்கமும் உண்டா?"

அவள் கையிலிருந்த குவளை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. ஹெட்லி அதையும் குறித்துக்கொண்டார்.

"அதப்பத்தி நான் பேசக்கூடாது," என்றாள்.

"யாரு கூடாதுன்னது?"

"அதையும் சொல்லக்கூடாது. டீ ஆறுது, உள்ள வாங்க. பழக்கேக் இருக்கு."

"வேணாம் ரேஞ்சரம்மா. உன் கேக்கைத் தின்னுட்டு அப்புறம் சாட்சி சொல்ல வாய் வராது."

"எதுக்குச் சாட்சி?"

"அதை நான் பேசக்கூடாது," என்றார் ஹெட்லி, அவள் சொன்ன அதே குரலில். பூட்ஸை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வந்தார்.

போகிற வழியில் அவளுடைய வண்டியின் பின்பக்கம் பார்த்தார். சாம்பல் நிறப் போர்வை ஒன்று மடித்துக் கிடந்தது. அதில் செம்மண் தூள். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த ரோமக் கிடங்கின் கதவில், முன்பு இல்லாத ஒரு பூட்டு தொங்கியது.

இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு சாதாரண ஆள் அங்கேயே சண்டை போட்டிருப்பான். ஹெட்லி அப்படியில்லை. கையும் கல்லுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஆனால் வாய் மட்டும் பொறுக்கவில்லை. அன்று மத்தியானம் வண்டியின் ரேடியோவை எடுத்தார். அந்தச் சேனலில் நூறு மைல் சுற்றளவில் எல்லோரும் காது வைத்திருப்பார்கள்.

"ராய், காதுல விழுதா?"

வடக்கே காட்டு நாய்களைத் தடுக்கும் வேலியைப் பார்த்துக்கொள்ளும் ராய் மங்கஸ்டர் பதில் சொன்னான். "விழுது, சொல்லு."

"நம்ம பார்க்குல கல்லு நடக்குதுப்பா."

"கல்லு எப்படி நடக்கும்? மத்தியானத்துலயே குடிக்க ஆரம்பிச்சிட்டியா?"

"பூட்ஸ் போட்டுக்கிட்டு நடக்குது. ஏழாம் நம்பர் பூட்ஸ். எடது குதி தேஞ்சது. அரசாங்கம் குடுத்த பூட்ஸ்."

"யாருன்னு சொல்றியா ஹெட்லி?"

"நான் ஆளைச் சொல்லல. பூட்ஸைச் சொன்னேன்."

சாயங்காலத்துக்குள் தொண்ணூறு மைலுக்கு அப்பால் டவுன் பீர்க்கடையில் அந்த பூட்ஸுக்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் மாவும் வெங்காயமும் உப்புக்கண்டமும் வாங்க டவுனுக்குப் போனார். கடையில் வெர்னா நின்றிருந்தாள். எழுபத்தெட்டு வயது, கையில் தடி, மஞ்சள் ஸ்வெட்டர். ஹெட்லி நாய் பிஸ்கட் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார். முப்பத்தோரு வருஷத்தில் அவளைப் பார்த்து அவர் ஒதுங்கியது அதுதான் முதல் தடவை. கல் போன சேதியை வெறுங்கையோடு சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. திருடியைப் பிடித்து, கற்களைத் திருப்பி வைத்து, அப்புறம் சொல்லலாம்.

மூட்டை இடுக்கு வழியாகப் பார்த்தார். வெர்னா நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. சிரிக்கவில்லை. அவருடைய பூட்ஸைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், பிறகு தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போனாள்.

விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று ஹெட்லி நினைத்தார்.

காவலுக்கு அவர் தேர்ந்தெடுத்தது அடுத்த புதன்கிழமை. வண்டியை இரண்டு மைல் தள்ளி முல்கா மரங்களுக்குள் விட்டுவிட்டு, சாலையில் கால் படாமல் கல்லுக்குக் கல் தாவி நடந்தார். வெர்னாவின் கற்கள் பத்துதான் மிச்சம். ஒளிந்துகொள்ள மணல்மேட்டில் ஒரு புதர்கூட உருப்படியாக இல்லை. மார்ச் மழையில் விழுந்த அந்தப் பள்ளம் கைகொடுத்தது. இடுப்பளவு ஆழம், செங்குத்தான கரை, அளவெடுத்து வெட்டினது போல நேராகக் களித்தரை வரைக்கும் ஓடியது. உள்ளே இறங்கிப் படுத்தார். கண் மட்டும் வெளியே. நல்ல பள்ளம் என்று மனதுக்குள் அதைப் பாராட்டவும் செய்தார்.

பதினொரு மணிக்கு ரேஞ்சரின் வெள்ளை வண்டி வந்தது. பெட்ரீனா இறங்கினாள். போர்வையை எடுத்தாள். ஹெட்லி மூச்சை இழுத்துப் பிடித்தார்.

பிறகு மறுபக்கக் கதவு திறந்தது. முதலில் ஒரு தடி இறங்கியது. அடுத்து மஞ்சள் ஸ்வெட்டர்.

வெர்னா மெதுவாக நடந்து வந்தாள். பள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்த கல்லைத் தடியால் காட்டினாள். பெட்ரீனா குனிந்து, இடது காலைச் சாய்த்து ஊன்றி, கல்லைத் தூக்கிப் போர்வையில் வைத்தாள். கவிழ்த்தே வைத்தாள். வெர்னா முல்காக் கிளையை ஒடித்து, வந்த வழியைப் பின்பக்கமாக நடந்து பெருக்க ஆரம்பித்தாள். எழுபத்தெட்டு வயதில் அப்படிப் பெருக்க ஊரில் ஒருத்தருக்கும் வராது.

ஹெட்லி படுத்த இடத்திலேயே கிடந்தார். அவருடைய மூளை ஒரு கியரிலும் விழவில்லை.

"பதுங்கினது போதும் ஹெட்லி, எந்திரிச்சு வா," என்றாள் வெர்னா திரும்பிப் பார்க்காமலே. "உன் தொப்பி அரை மைல்லருந்து தெரியுது."

எழுந்தார். சட்டை முன்பக்கம் முழுக்க மண்.

"அக்கா... நீயா கல்லை எடுக்கறே?"

"எங்கம்மா கல்லை நான் எடுக்கறேன். அதுக்கு உன்னைக் கேக்கணுமா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ரெண்டு வாரமா சோறு எறங்கல எனக்கு. ஊர்ல ஒருத்தன் காலையும் விடல."

"கேள்விப்பட்டேன். ரேடியோ எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் கேக்குது." வெர்னா கிளையைக் கீழே போட்டாள். "உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கினதே நான்தான். பாவம், உங்கிட்ட திருடிப் பட்டம் வாங்கிட்டும் வாயைத் திறக்கல."

பெட்ரீனா போர்வையின் முனையைச் சரி செய்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லக்கூடாது?" ஹெட்லியின் குரல் உயர்ந்தது. "யாரு இந்த எடத்தைக் காப்பாத்தினது? யாரு ரோட்டை வளைச்சது?"

"நீதான். முப்பத்தோரு வருசம் நம்பினேன். அப்புறம் ஜூன் மாசம் இவகூட வந்தேன். வந்து பாத்தா ரெண்டு கல்லு மல்லாந்து கெடக்கு. ஒண்ணு ரெண்டா ஒடைஞ்சிருக்கு. எங்கம்மா கவுத்தது. அதுக்கப்புறம் பாத்தா, நீ டயர் இழுத்த தடம். எதுக்கு இந்தக் கெழவன் இங்கேயே சுத்தறான்? ஒடைச்சதை மறைக்கறானா, இல்ல மிச்சத்தையும் வண்டியில ஏத்தப் போறானா? கடையில என்னைப் பாத்ததும் நாய் பிஸ்கட்டுக்குள்ள போய் ஒளிஞ்சே. அன்னிக்கு முடிவே பண்ணிட்டேன்."

"நானா? நான் ஒடைச்சேனா?" ஹெட்லிக்குப் பேச்சு தடுமாறியது. "மழை ஒடைச்சிருக்கும்! மழைக்கு நான் என்ன பண்றது?"

"மழை மேல போடாத." தடியால் பள்ளத்தைக் காட்டினாள். "இவ்வளவு நேரம் சொகமா படுத்திருந்தியே, இதை யாரு வெட்டுனா?"

ஹெட்லி திரும்பிப் பார்த்தார்.

ஆயுள் முழுக்க மண்ணில் தண்ணீர் எப்படி ஓடும் என்று பார்த்த கண். அந்தக் கண் இரண்டு வாரமாகப் பூட்ஸ் தடத்தை மட்டும் பார்த்திருந்தது. பள்ளத்தின் கரையோரம் மேல்நோக்கி நடந்தார். முப்பது அடியில் வேகம் குறைந்தது. நூறு அடியில் தொப்பியைக் கழற்றினார். பள்ளம் கொஞ்சங்கொஞ்சமாக ஆழம் குறைந்து, அகன்று, சாலையோரம் போய் முடிந்த இடத்தில், வாய் அழகாகச் சரிந்த ஒரு வாய்க்கால் இருந்தது. அந்த வெட்டை அவருக்குத் தெரியும். பிளேடை அந்தச் சாய்வில் பிடிக்க அந்த நாட்டிலேயே ஒரு கைதான் உண்டு.

போன நவம்பரில் வெட்டியது. முழங்கை வளைவில் மழைத்தண்ணீர் தேங்கி வண்டிகள் புதைந்துகொண்டே இருந்தன. ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே தள்ளினார். மார்ச்சில் அறுபது மில்லிமீட்டர் கொட்டியது. வளைவில் ஒரு சக்கரம்கூடப் புதையவில்லை. பீர்க்கடையில் ஒரு வாரம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்: என் ரோட்டுல ஒரு சொட்டு நிக்காது. நிற்காத சொட்டு எங்கே போகிறது என்று அந்த ஒரு வாரத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி இறங்கி வந்தபோது வெர்னா வண்டியின் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெட்ரீனா ஒரு குவளையை அவர் பக்கம் நீட்டினாள். பழக்கேக் துண்டும் இருந்தது. இந்த முறை வாங்கிக்கொண்டார்.

"தெரிஞ்சு பண்ணல அக்கா," என்றார்.

"இப்ப நம்பறேன். நடந்து போனப்ப உன் முதுகைப் பாத்தேன். ஆனா தெரியாம பண்ணா மட்டும் கல்லு ஒட்டிக்குமா?"

"நாளைக்கே மூடிடறேன்."

பெட்ரீனா வாய் திறந்தாள். "ஹெட்லி, வாய்க்காலை மூடணும்னா மேலிடத்துக்கு எழுதணும். வளைவுல மறுபடி தண்ணி நிக்கும், ரோட்டை அடைக்க வேண்டி வரும். பதில் வர எட்டு வாரமாவது..."

"அப்ப மேகத்துக்கும் ஒரு கடுதாசி போடு ரேஞ்சரம்மா, எட்டு வாரம் பொறுத்து வான்னு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாளைக்கு நான் தெற்கு எல்லைக்குப் போறேன். சாயங்காலம்தான் வருவேன். நடுவுல இங்க என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது."

"கல்லை?" என்று வெர்னாவைக் கேட்டார் ஹெட்லி. "மூடினதும் திருப்பி வெச்சிடலாம்ல?"

"கிடங்குல பத்திரமா இருக்கு. மூடு. ஒரு மழை வரட்டும். தண்ணி எங்க போகுதுன்னு பாத்துட்டு வெக்கறேன். வாயால மூடறதுல நீ கெட்டிக்காரன்."

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிரேடர் வந்தது. அந்த வாய்க்காலை வெட்ட அவருக்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மூட ஐந்து மணி நேரம் ஆயிற்று. இறுக்கி, மேலே களிமண் போட்டு, மறுபடி இறுக்கி, வெட்டின சுவடே தெரியாமல் செய்தார். பிறகு வண்டியிலிருந்து இறங்கித் தன் சாலையைப் பார்த்தார். வளைவு ஒரு தட்டுப் போலக் கிடந்தது. முதல் மழைக்கே குளமாகும். ஹெட்லி ட்ரெகியர் தன் கையால் ஒரு கெட்ட சாலையை அன்றைக்குத்தான் போட்டார். அதையும் மற்றவன் போடுகிற நல்ல சாலையை விடச் சுத்தமாகத்தான் போட்டார்.

ரேடியோவில் பேசினதை ரேடியோவிலேயே திருப்பி எடுக்க வேண்டும் என்று இரண்டு நாள் மைக்கைத் தொட்டுத் தொட்டு வைத்தார். வார்த்தை வரவில்லை. மூன்றாம் நாள் அலுவலக வாசலில் இருந்த இடது பூட்ஸை எடுத்துப்போய், குதிக்கு டிராக்டர் டயர் துண்டு வைத்து ஆணி அடித்து, சமமாகச் சீவி, திருப்பி வைத்தார். பெட்ரீனா போட்டு நடந்து பார்த்தாள்.

"இப்ப என் தடம் மாறிடுமே. அடுத்த தரம் எப்படிப் பிடிப்பீங்க?"

"பிடிக்கற மாதிரி வெச்சுக்காத," என்றார் ஹெட்லி.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி விடியும்போதே மேற்கு கறுத்திருந்தது. ஒன்பது மணிக்கு ஆரம்பித்த மழை மத்தியானம் வரை விடவில்லை. பெட்ரீனா சாலை மூடல் பலகைகளை எல்லாத் திருப்பத்திலும் திருப்பிப் போட்டாள். மூடிய சாலையில் வண்டி ஓட்டக்கூடாது, யாராக இருந்தாலும். ஹெட்லி இருபது வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்த சட்டம். மழை நின்ற பத்தாவது நிமிஷம் பலகையைச் சுற்றிக்கொண்டு வண்டியை ஓட்டிப் போனார். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

வளைவில் செம்மண் குழம்பு அச்சு வரை ஏறியது. எஞ்சின் கத்தியது. பின்சக்கரங்கள் சுற்றச் சுற்ற வண்டி கீழே இறங்கிக்கொண்டே போய், கடைசியில் வயிறு தரையில் படிந்து நின்றது. கதவைத் திறந்து இறங்கினார். முழங்கால் வரை சேறு. ஒரு பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது. ஒற்றைப் பூட்ஸோடு மணல்மேட்டின் அடிக்கு நடந்தார்.

பள்ளம் காய்ந்து கிடந்தது. மேலே விழுந்த மழையின் ஈரம் மட்டும். ஒன்பது கற்களும் கவிழ்ந்தபடி, முதுகு கழுவின மாதிரிப் பளபளவென்று இருந்தன.

வண்டிக்குத் திரும்பி வந்து மைக்கை எடுத்தார்.

"முழங்கையில ஒரு வண்டி புதைஞ்சிருக்கு," என்றார். "யாராச்சும் இழுக்க வரணும்."

ராய் மங்கஸ்டரின் குரல் உடனே வந்தது. "முழங்கையிலயா? அங்கதான் ஒரு சொட்டு நிக்காதே! மூடின ரோட்டுல போன அந்த முட்டாப்பய யாரு?"

நூறு மைல் சுற்றளவும் காது வைத்திருந்தது. ஹெட்லிக்கு அது நன்றாகத் தெரியும்.

"என் வண்டிதான்," என்றார். "என் ரோட்டுல, தண்ணி முழங்கால் வரைக்கும் நிக்குது. இன்னொண்ணு. அந்த ஏழாம் நம்பர் பூட்ஸைப் பத்தி நான் சொன்னது தப்பு."

இரைச்சல். ராய் சிரித்துச் சிரித்து மைக்கை விட்டுவிட்டிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வேறொரு குரல் நுழைந்தது. வயதான குரல், அடுப்படிச் சத்தத்தோடு.

"ஹெட்லி. நெசமாவே முழங்கால் வரைக்கும் நிக்குதா?"

"ஒரு பூட்ஸ் போயிடுச்சு அக்கா."

"கீழ?"

"காய்ஞ்சிருக்கு. ஒன்பதும் கவுந்தே இருக்கு."

பாத்திரம் ஏதோ இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"ரோடு காயட்டும். பெட்ரீனாகூட வர்றேன். கல்லைக் கொண்டாறேன்."

"அஞ்சையுமா?"

"ஒண்ணு," என்றாள் வெர்னா. "மிச்சத்துக்கு இன்னொரு மழை பாக்கணும்."